கேட்கும் எல்லை

எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. சிங்காநல்லூரில் மில்லின் பின்சுவரை ஒட்டி, தொழிலாளர்களுக்கு மில்லே கொடுத்திருந்த "லைன் வீடு" அது, சுவருக்கு அந்தப் பக்கம் நூற்பு எந்திரங்கள் ஓட ஓட, இந்தப் பக்கம் சொம்பின் விளிம்பிலிருந்து நடுவுக்குச் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அலை என்றால் என்னவென்று பள்ளியில் படம் வரைந்து விளக்கியபோது, இதற்கு எதற்கு இத்தனை அமர்க்களம் என்று தோன்றியது.

அம்மா அந்த மில்லில்தான் வேலை பார்த்தாள். உள்ளே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால், மில்காரப் பெண்கள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள்; பிள்ளையின் காய்ச்சல் முதல் மாமியார் வம்பு வரை எல்லாம் அப்படியே நடக்கும். வீட்டுக்கு வந்தால் அதே அம்மா தெருவே திரும்பிப் பார்க்கும்படி பேசுவாள். "மில்லுக்குப் போறவங்க வாயி அப்படித்தான்" என்று தையற்கடைக்காரரான அப்பா சிரிப்பார்.

பத்தாம் வகுப்பில் ஒலிப் பாடத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: செல்போனில் ஒலியை மெல்ல மெல்லக் கூர்மையாக்கி, வீட்டில் யாருக்கு எதுவரை கேட்கிறது என்று குறித்துவர வேண்டும். மனிதக் காது இருபது முதல் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றது புத்தகம். அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. எந்த மனிதரின் காது என்று அது சொல்லவில்லை.

அம்மா எல்லாவற்றுக்கும் "கேக்குது, கேக்குது" என்று தலையாட்டினாள். நான் பொத்தானைத் தொடும் முன்பே ஒரு "கேக்குது" வந்ததும் சந்தேகப்பட்டு, கண்ணை மூடச் சொன்னேன். விசில் போல ஒலி ஏறியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தினார்.

அம்மா சாந்தமாக உட்கார்ந்திருந்தாள். "ஏன் அம்மிணி, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று என்னைக் கேட்டாள்.

அப்பா போனை வாங்கி அணைத்தார். கண்ணைத் திறந்த அம்மாவுக்கு எங்கள் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "வெளிய சொல்லிப்போடாத கண்ணு. மில்லுல தெரிஞ்சா என்னைய நிறுத்திப்போடுவாங்க" என்றாள். அந்த வேலை போனால் வீடும் போய்விடும். வீட்டில் இருப்பது இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தேன், ஆசிரியர் "நன்று" போட்டார். அம்மா மறுநாளும் ஷிப்டுக்குப் போனாள், பிறகும் பல வருடங்கள் போய், மீதிக் காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

உதட்டைப் பார்த்தே அவள் சமாளித்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்து எல்லார் வாயையும் மூடிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் மருந்து வாங்கித் திரும்பியபோது, வராந்தாவில் அம்மா ஒரு டாக்டரைக் கும்பிட்டு, "செரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"தங்கமான மனுசன், பொறுமையா நின்னு பேசுனாரு. அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கலாம்னு சொன்னாருன்னு நெனைக்கறேன். வாங்கியாறயா?" என்றாள்.

நான் ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டேன். அப்பா இறந்துவிட்டார் என்பதைத்தான் அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். திரும்பி வந்து, முகக்கவசத்தைக் கழற்றி, அவள் முன்னால் நின்று, அதை நான்தான் சொன்னேன்.

இப்போது அந்த மில் இல்லை, லைன் வீடுகளும் இல்லை. அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. அம்மா என்னோடு இருக்கிறாள். காய்கறி விலை, பேத்தியின் சேட்டை என்று நான் எதைப் பேசினாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா பேச்சை எடுத்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.