நாற்பத்தைந்து தூர்

ஒருவருடைய காதை நம்பி நாலு பேர் இசைத்தட்டு வாங்குகிறார்கள் என்றால், அந்தக் காது எதை நம்பிக்கொண்டிருக்கிறது? புருஷோத்தமனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

தவளக்குப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தாறு. கடைக்கு வருபவர்களின் முகத்தில் சட்டத்தை மாட்டி, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா, முன்ன தெளிவா?" என்று பொறுமையாகக் கேட்பார். ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து, மிஷன் வீதிக்குப் பின்னால் ஷஃபீக் நடத்தும் காப்பிக்கடையில் உட்கார்ந்து, ராக் இசைத்தட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்வார். அங்கே அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஷஃபீக்கின் கடையில் பாதி காப்பி, பாதி ரெக்கார்டு. தட்டு சுழலத் தொடங்கியதும் புருஷோத்தமன் கண்ணை மூடுவார். ஒரு நிமிடம் போதும். அடிநாதமான பேஸ் கலங்கி இருந்தால் "கூழ்". கீறல் சத்தம் கேட்டால் "கல்லுச் சோறு". புதிதாக அச்சிட்ட மறுபதிப்பு என்றால் கேட்பதற்கு முன்பே "தண்ணி". இவை எதுவும் இல்லையென்றால் "சுத்தம்". நாங்கள் ஆறேழு பேர் இந்த நான்கு சொற்களைக் கேட்டுத்தான் வாங்கினோம், வாங்காமல் விட்டோம். ஒருமுறை ஷஃபீக் ஒரே தட்டை ஜெர்மன் உறையில் ஒரு வாரமும் உள்ளூர் உறையில் மறுவாரமும் வைத்துப் போட்டார். முதல் வாரம் "சுத்தம்", மறுவாரம் "கூழ்". இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரைத் தாழ்த்தினால் எங்கள் வீட்டு அலமாரிகளும் தாழ்ந்துபோகும். அறிவு என்று நாம் மதிப்பதில் பெரும்பகுதி இப்படி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடுதான்.

ஐந்தாவது சொல் ஒன்று உண்டு: "கனம்". அதை அவர் ஒரே ஒரு தட்டுக்குத்தான் கொடுத்திருந்தார். பிரான்சுக்கே போய்விட்ட ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்தபோது பழைய சாமான்களோடு அவர் வாங்கியது. யாரும் கேள்விப்படாத பிரெஞ்சுக் குழு. மெதுவான, இழுவையான இசை. கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல் ஓர் ஆணின் குரல். உறையின் பின்புறம் '45 tours' என்று அச்சடித்திருக்கும். புருஷோத்தமன் அதை 'டூர்ஸ்' என்று படித்து, விரலால் தொட்டுக் காட்டுவார். இந்தக் குழு நாற்பத்தைந்து தடவை ஊர் ஊராக டூர் போய், ஓய்ந்து வந்து பாடியது. அந்த அலைச்சல் இல்லாத தொண்டையில் இந்தக் கனம் வராது என்பார். இருபது வருடமாகச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். ஒரு நாள் நானும் என் பங்குக்கு, அந்தக் குரலில் மரணம் கேட்கிறது என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

போன ஆண்டு ஷஃபீக் அவரிடம் பட்டியல் ஒன்று கேட்டார். வினைல் தட்டில் கேட்க வேண்டிய பன்னிரண்டு ராக் ஆல்பங்கள். 'புருஷோத்தமன் தேர்வு' என்று சுவரில் ஒட்டுவது, அதை வைத்தே தட்டுகளைத் தருவிப்பது. அவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். சம்மதம் சொல்லப் போகும் மாப்பிள்ளை வீட்டார் போல முகத்தை வைத்துக்கொண்டு அலைந்தார். அவர் பெயர் கண்ணாடிக்கடைப் பலகையைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. முதல் இடம் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் ஒட்டிய ஞாயிறன்று கடையில் முப்பது பேர் இருந்தார்கள். முதல் தட்டு சுழன்றது. டூர் கதையை அவர் சொல்லி முடிக்கும்போது, காப்பி குடிக்க வந்திருந்த செந்தமிழ்ச்செல்வி உறையை வாங்கிப் புரட்டினார். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் பிரெஞ்சு கற்பித்தவர். தப்பான உச்சரிப்பு காதில் விழுந்தால் காப்பி இறங்காது அவருக்கு.

"டூர்ஸ் இல்ல சார். தூர். கடைசி எஸ்ஸ சொல்லக் கூடாது."

"தூரா?" என்றார் ஷஃபீக். "வாருனா சுத்தமாயிடுமா டீச்சர்?"

"சுத்துன்னு அர்த்தம் பாய். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து. நீங்க எதுல ஓட்டுறீங்க?"

பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று, சிறியது என்றால் நாற்பத்தைந்து. பொது வழக்கம் அதுதான். பெரிய தட்டிலும் நாற்பத்தைந்து வரும் என்பது புருஷோத்தமனுக்குத் தெரியும். தெரிந்ததை இந்தத் தட்டிடம் அவர் கேட்கவில்லை; பெரிய தட்டு என்று முப்பத்துமூன்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஷஃபீக் வேகத்தை மாற்றினார். கிணற்றுக் குரல் மேலே ஏறிவந்து ஓர் இளம்பெண்ணின் குரலானது. இசை துள்ளியது. கல்யாண வரவேற்பில் ஆடுவதற்கு ஏற்ற பாட்டு. பின்வரிசையில் ஒருவர் நிஜமாகவே தோளை ஆட்டினார்.

"நாப்பத்தஞ்சு டூர் போனது அந்தப் பொண்ணா அண்ணே?" என்று யாரோ கேட்க, கடை சிரித்தது. நானும் சிரித்தேன். மரணத்தைப் பற்றி நான் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. புருஷோத்தமன் பாட்டு முடியும்வரை நின்றார். கண்ணாடி துடைக்கும் துணியால் தட்டைத் துடைத்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று ஞாயிறு வரவில்லை. ஷஃபீக் போன் செய்தார். மற்றப் பதினொன்றில் ஒரு குறையும் இல்லை, முதல் வரியை மட்டும் அடித்துவிட்டு வேறொன்று எழுதிக்கொடுங்கள், ஊர் இதற்குள் மறந்துவிடும் என்றார். அது உண்மை. ஒரு வரியைத் திருத்தினால் அவருடைய காது திரும்பக் கிடைத்துவிடும். அவர் வருகிறேன் என்றார்.

நான்காவது ஞாயிறு வந்தார், கையில் அதே தட்டு. செந்தமிழ்ச்செல்வியும் இருந்தார். புருஷோத்தமன் அவருக்கு வணக்கம் சொன்னார். பிறகு சுவரருகே போய், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் கோடு போடத் தொடங்கினார். இரண்டு, மூன்று, நான்கு என்று பன்னிரண்டுவரை அடித்தார். முதல் வரியைத் தொடவில்லை. அதன் பக்கத்தில், கண்ணாடிச் சீட்டில் பவர் எழுதும் அதே சின்னக் கையெழுத்தில், 33 என்று எழுதினார்.

"இன்னா அண்ணே இது?" என்றார் ஷஃபீக்.

"இது ஒண்ணத்தான் நான் நெஜமா கேட்டேன்" என்றார் புருஷோத்தமன். தட்டைத் துடைத்து வைத்து, வேகத்தை முப்பத்துமூன்றில் நிறுத்தி, முள்ளை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.