பிளாஸ்திரி ஒட்டிய போன்

பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் மலைப்பூண்டு விற்ற பாய், தன் போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பேசும்போது அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார்.

"நம்ம பேச்சு நம்மளோட இருக்கணும்ங்க" என்று வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு, ரகசியம் காக்கும் வேறொரு ஆப்புக்கு மாறியிருந்தார். "அதுக்கு ஒருத்தரும் வரல. சும்மா கெடக்கு."

பழனியில் அவருடைய அக்கா மௌத்தான செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். பாயும் பார்த்திருப்பார் என்று யாரும் அவரை போனில் கூப்பிடவில்லை. மறுநாள் தெரிந்து ஓடியபோது அடக்கம் முடிந்திருந்தது.

"திரும்ப வாட்ஸ்அப்புக்கே போயிரலாமே பாய்?"

"இனி எந்தச் சேதிக்குங்க போறது?"

நானாவது அந்த ஆப்பைப் போடுகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினேன். இன்றுவரை போடவில்லை.