கார்டில் இருந்த கன்னையன்

ராமுத்தாயின் புருசன் கன்னையன் ஏலத்தோட்ட வேலைக்கென்று மலைமேல் பூப்பாறைப் பக்கம் போனவன், அங்கேயே சந்திரவல்லி என்பவளோடு குடித்தனம் போட்டுவிட்டான். போடியில் அவன் விட்டுப்போனது மனைவியும், இரண்டு பெண்பிள்ளைகளும், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரும்தான்.

ராமுத்தாய் ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கினாள். புருசன் போனதற்கு அவள் அதிகம் அழவில்லை. கார்டில் இருந்த பெயரை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றினாள். ஆளுக்கு இவ்வளவு என்று சீனி போட்ட காலம் அது. கன்னையன் பங்கை டீக்கடைக் கோட்டைச்சாமி நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பாவாடையும் தலைக்கு எண்ணெயும் அதில்தான் வந்தன. வீட்டில் இருந்தவரை காசு கொடுத்தறியாத மனுசன், மலையேறிய பிறகு மாதம் தவறாமல் குடும்பத்தைத் தாங்கினான். ரேஷன் கடைக்காரர் கேட்டால், "அவரு தோட்டத்துல இருக்காரு, சனிக்கிழமை வருவாரு" என்பாள். எந்தச் சனிக்கிழமை என்று அவரும் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், போலி கார்டுகளை ஒழிக்க ஆபீசர் வீடு வீடாக வருகிறார் என்று தெருவே கலங்கியது. ஆள் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவாராம். ராமுத்தாய் மறுநாளே ஜீப் ஏறிப் பூப்பாறை போனாள்.

விறகு பிளந்துகொண்டிருந்த கன்னையன் அவளைக் கண்டதும் கோடாலியைக் கீழே போட்டான்.

"சண்டைக்கு வரலய்யா. வியாழக்கிழமை கார்டு பாக்க ஆபீசரு வாராரு. அன்னிக்கு ஒரு நாளு புருசனா வந்து உக்காந்துட்டுப் போ. இல்லேன்னா சீனி கட்டாயிரும்."

உள்ளேயிருந்து சந்திரவல்லி, "போயிட்டு வரட்டும்க்கா. இங்க இருந்து மட்டும் என்னத்தக் கிழிக்கிறாரு" என்றாள்.

வியாழக்கிழமை கன்னையன் சலவைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆபீசர் என்ன வேலை என்று கேட்டதும், "குடும்பத்துக்காக மலையில கெடந்து கஷ்டப்படுறேங்கய்யா" என்றான். குரல் தழுதழுத்தது.

ஆபீசர் உருகிப்போனார். "இப்படி ஒரு மனுசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. நல்லாக் கவனிச்சுக்க."

ராமுத்தாய் தலையாட்டினாள். அன்று வைத்த கருவாட்டுக் குழம்பைக் கன்னையன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். கடைசி ஜீப் போயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைகளப் பாத்ததும் போக மனசு வரல, புள்ள."

மாதம் முடிந்தும் மனசு வரவில்லை. டீயில் சீனியை அள்ளிப் போட்டுக் குடித்தான். கோட்டைச்சாமிக்குக் கொடுக்க ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. ஏதாவது சொன்னால், "குடும்பத் தலைவரு யாருன்னு கார்டப் பாரு" என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ராமுத்தாய் சந்திரவல்லிக்குச் சொல்லியனுப்பினாள். "அக்காவே பத்திரமா வச்சுக்கிறட்டும்" என்று பதில் வந்தது.

ராமுத்தாய் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அதே ஆபீசர்.

"அவரு பேர அடிச்சிருங்கய்யா. அவரு எங்களோட இல்ல."

ஆபீசர் சிரித்தார். "நானே கண்ணால பாத்தேன்மா. புருசன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் கார்டுல கை வைக்க முடியாது. வீட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்தவள் கார்டையும் மண்ணெண்ணெய் டின்னையும் அவன் கையில் கொடுத்தாள். "தலைவருதானே, போயி வரிசையில நில்லுங்க."

வரிசை தெருமுனை தாண்டி நீண்டிருந்தது. கன்னையன் உச்சிவெயில் வரை தாக்குப்பிடித்தான். பிறகு டின்னையும் கார்டையும் பக்கத்தில் நின்ற மூக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, பூப்பாறை போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டான்.

சேதி கேட்ட ராமுத்தாய் வெரசாக ஓடிவந்து, அவன் விட்ட இடம் பறிபோவதற்குள் வரிசையில் நின்றுகொண்டாள்.