காடை என்று சொல்லித் தந்த கறி

எங்கள் வீட்டில் மீன் கறியில் சேராது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவன் நான். வேளாவேளைக்கு மீனைத் தின்றுவிட்டு, கறி சாப்பிட்டு மாசமாச்சு என்று அப்பா அலுத்துக்கொள்வார். கறி என்றால் ஆடு. அடுத்தபடி கோழி. இறாலும் நண்டும் வெறும் குழம்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகப் பால்சுறாவில் புட்டு செய்தால் அது மருந்து. வலையில் ஆமை மாட்டினால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக் கடலில் விட்டுவிடுவார்கள். மூலத்துக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஆமை ரத்தம் குடித்தவர்களும் அதே குப்பத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆமை தின்றதாக ஒத்துக்கொண்டதில்லை. மருந்து கறிக்கணக்கில் வராது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

நானோ, பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு என்கிற ரகம். வயல் எலியைச் சுட்டுத் தின்றிருக்கிறேன். மழை விட்ட மறுநாள் ஈசலைப் பொரியோடு வறுத்து வாய் நிறைய மென்றிருக்கிறேன். முயல், கொக்கு, வாலிப வயதில் ஒருமுறை உடும்பு. இதையெல்லாம் ஆபீசில் சொல்லிச் சொல்லி நாலு பேர் முகம் சுளிப்பதை ரசிப்பதும் உண்டு. இதில் என்ன பெருமை என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பே ஏதோ வேண்டுதலில் கவிச்சியை விட்டவள், அப்புறம் தொடவே இல்லை. எனக்குச் சமைத்துப் போடுவாள். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். முட்டை வேகும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ஊரப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறை ஜன்னல் அந்த ஒரு காரணத்துக்காகவே எந்நேரமும் திறந்திருக்கும்.

எனக்கு ஆஸ்துமா. நாங்கள் சொல்வது வீசிங். மழைக்காலம் வந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் அது மோசமாகி ஆஸ்பத்திரியில் படுத்தேன். முகத்தில் ஆக்சிஜன் மூடியை மாட்டிக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்து அவள் அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தப் பயம் அவளை விட்டு அதன்பிறகு போகவே இல்லை. நான் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள்.

தை பிறந்ததும் அவள் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு வந்தார். காடைக்கறியாம். வயல் பக்கம் கிடைத்ததாம், வீசிங்குக்கு நல்லதாம், சுத்தம் பண்ணி மஞ்சள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாராம். மச்சான் கொண்டுவந்தால் மறுப்பேனா? அவள் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் கருத்த கறி. காடைக்கு இருக்கிற மென்மை இல்லை. காட்டுக்காடை, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். மாசியில் மறுபடி வந்தது. பங்குனியிலும் வந்தது. நெஞ்சில் சத்தம் குறைந்திருந்தது உண்மைதான். மூச்சுக்கு அடிக்கிற ஸ்பிரேயை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோகிற அளவுக்கு நன்றாக இருந்தேன்.

மூன்றாவது முறை தட்டில் ஒரு எலும்பு கிடைத்தது. குடைக்கம்பி மாதிரி மெல்லிசாக, விரலைவிட நீளமாக இருந்தது. எனக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனி உணவகத்தில் மேற்பார்வை வேலை. எந்தக் குழம்பில் என்ன இருக்கிறது, எதில் முட்டை சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சீட்டு எழுதி வைப்பதே என் பிழைப்பு. காடையை ஆயிரக்கணக்கில் பார்த்தவன். எந்தக் காடைக்கும் இப்படி ஒரு எலும்பு கிடையாது.

எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு இது என்ன என்று கேட்டேன். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் இல்லை. நான் மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"பழந்துன்னி வவ்வாலு மச்சான். கோழி சாக்கடைய கிளறுது, அத்த துன்றீங்க. இது கொய்யாவும் அத்திப்பழமும் துன்னுகினு கீது. எது சுத்தம், நீங்களே சொல்லுங்க."

சொல்லியிருந்தால் நானே தின்றிருப்பேனே, என்னிடமா மறைப்பது என்று கத்தினேன். சொல்லிக் கொடுத்தால் பலிக்காது என்றார் அவர். நோயாளிக்குத் தெரியக் கூடாது, கட்டினவளோ பெற்றவளோ தன் கையால் ஆக்கிப் போட வேண்டும், அதுதான் முறையாம். அவர்கள் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வவ்வாலை அடிப்பது குற்றம், பிடிபட்டால் கம்பி எண்ண வேண்டும் என்பது ஒரு பக்கம். வவ்வாலிலிருந்து என்னென்ன காய்ச்சல் வருகிறதென்று டிவியில் காட்டுகிறார்களே, அந்தப் பயம் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் மீறி எரிந்தது வேறு. ஊரார் தட்டில் இருப்பதற்கெல்லாம் சீட்டு எழுதுகிற எனக்கு என் தட்டில் இருப்பது தெரியவில்லை. என் வீட்டிலேயே நான் ஏமாளி. அதைத்தான் அவளிடம் சொன்னேன், இன்னும் மோசமான வார்த்தைகளில்.

அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"ஒவ்வொரு தபாவும் வாந்தி எடுத்துகினே ஆக்கினேன். உனக்கு இன்னா தெரியும்?"

அப்போதே என் வாய் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் சாப்பிடவே இல்லை, உணவகத்திலேயே முடித்துக்கொண்டேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தாலும் கரண்டி தட்டுக்கு வரும்போதெல்லாம் இது என்ன என்று கேட்பேன். கத்தரிக்காய்க்கும் கேட்டேன். கிண்டல்தான். ஆனால் உள்ளே நிஜமாகவே சந்தேகம் இருந்தது, அதை ஒளிக்கத்தான் கிண்டல். அவளும் கத்தரிக்காய் என்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நுரையீரலைச் சோதித்துப் பார்த்து, காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார். வெயில் காலத்தில் உங்களுக்கு எப்போதுமே குறையும், வவ்வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஸ்பிரேயை நிறுத்தியதற்குத்தான் அதிகமாகத் திட்டினார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். போன கார்த்திகையில் மருந்து அடிச்சுகினுதானே இருந்தே, அப்பவும் வந்துச்சே என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் பாதி சக்கரம் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், எனக்கு இழுக்க ஆரம்பித்தது. ஸ்பிரே அடித்தேன். கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தேன். அடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துவரப் போனார். எங்கள் தெருவுக்கு உள்ளே வர எவனும் சம்மதிக்கவில்லை என்று போனில் சொன்னார். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகத்தான் அதைச் சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உங்க அண்ணன்கிட்ட அந்தக் கறியைக் கொண்டுவரச் சொல்லு, தின்கிறேன் என்று இரண்டு மூச்சில் சொல்லி முடித்தேன்.

முதுகில் இருந்த கை நின்றுவிட்டது.

"இனிமே அது கேக்காதுய்யா. உனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே," என்றாள். "எங் கையில அது ஒண்ணுதான் இருந்துச்சி. அன்னிக்கு அது இன்னான்னு நீ ஏன்யா கேட்ட?"