ஆளைத் தெரியாது, ஆனா பிடிக்காது

மறதி வந்தவையைப் பராமரிக்கிற எங்களுக்கு ஒவ்வொரு காலமையும் வேலையில முதல் நாள்தான். இதே பாடு படுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் வேலை செய்யிறது கிளிநொச்சிப் பக்கத்து முதியோர் இல்லம் ஒண்டில.

வாளித் தண்ணி

துரையர் துணுக்காயில வயல் செய்தவர். முதல் நாள் அவரைக் குளிக்க வார்க்கேக்க, காலில கொஞ்சம் ஊத்திப் பழக்காமல், நேர தலையில ஒரு வாளி கவிட்டுப்போட்டன். கிணத்துத் தண்ணி, மார்கழிக் குளிர். மனுசன் போட்ட சத்தத்துக்குக் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டவையெல்லாம் ஓடி வந்திட்டினம்.

மத்தியானம், குளிச்சதே அவருக்கு ஞாபகம் இல்லை. அப்பாடா, தப்பினன் எண்டு நினைச்சன். அடுத்த நாள் சோத்துக் கோப்பையோட போறன், முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னோட வேலை செய்யிற ரஞ்சிக்குச் சொல்லுறார்: “இவா ஆரெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா ஆள் சரியில்லை.”

கதிரை

பிறகென்ன, தண்ணியைச் சுடவைச்சு வார்க்கிறதை ரஞ்சி பொறுப்பெடுத்தா. நான் பின்னேரங்களில அவிச்ச கச்சான் கடலையோட போய் அவருக்குப் பக்கத்தில இருப்பன். கோது உடைப்பம், தின்னுவம், அவ்வளவுதான். வயலறுக்கிற காலம் வரேக்க, என்னைக் கண்டதும் நான் இருக்கிறதுக்குக் கதிரை இழுத்துப் போடத் தொடங்கிட்டார். என்ர பேரைக் கேட்டா இண்டைக்கும் முழிப்பார். ரஞ்சிக்கு எரிச்சல்: “என்ர பேரைச் சரியாச் சொல்லுற மனுசன் வீட்டில இருக்கிறார் அக்கா. ஒரு நாளும் கதிரை போட்டதில்லை.”

சனிக்கிழமைச் சோதனை

துரையருக்கு ஒரே மகள், சாந்தி. வவுனியாவில ரீச்சர். சனிக்கிழமையில பஸ் ஏறி வந்து வாசலிலயே கேப்பா: “அப்பா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?” அவர் தடுமாறுவார். “வடிவா யோசியுங்கோ” எண்டுவா. அவருக்கு வேர்த்துக் கொட்டும். போகப்போக, மகளின்ர குரல் கேட்டாலே உடுத்திருக்கிற சாரத்தை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு படுத்திடுவார். அந்தப் பிள்ளை கிணத்தடியில நிண்டு அழுதது எனக்குத் தாங்கேல்லை. கேள்வியை விடுங்கோ எண்டன். “விட்டா உள்ளதும் போயிடும் அக்கா. நானும் இல்லாமல் போயிடுவன்.”

கேள்வி கேளாத சனி

ஒரு சனி பஸ் இடைவழியில நிண்டுபோச்சு. வெயிலுக்குள்ள நடந்து வந்த சாந்திக்குக் கேக்கத் தெம்பில்லை. கதிரையில இருந்து என்ர கச்சானில ஒரு பிடி எடுத்து உடைச்சா. மூடிக்கொண்டு படுத்திருந்தவர் சாரத்தை விலக்கிப் பாத்தார். பிறகு எழும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில இருந்தார். அதுக்குப் பிறகு அவா ஒரு சனியும் கேக்கேல்லை. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போறதை நான் பாத்திருக்கிறன்.

போன கிழமை துரையர் மகளின்ர கையைப் பிடிச்சு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிள்ளை, இஞ்ச ஒருத்தி வந்து கேள்வி கேட்டுக் கரைச்சல் தாறவள். வந்தா உள்ள விடாதையும். நீர் இரும்.” சாந்தி ஒரு கச்சானை உடைச்சு அவரின்ர கையில வைச்சா. “ஓம். அவா இனி வரமாட்டா.”

எங்கட வேலையை நல்லாச் செய்தாலும் அவைக்கு ஞாபகம் இருக்காது, பிழையாச் செய்தாலும் ஞாபகம் இருக்காது, ஆனா ரெண்டுக்கும் கணக்குத் தீர்க்காமல் விடமாட்டினம்.