ஆறு வருஷம், பத்து மாசம், ஐந்து நாள்

1964 ஜூன் 15, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, மேற்குத் தாம்பரம் முழுக்கப் புழுதிக் காற்று. பள்ளித் தலைமையாசிரியையின் அறையில் பினாயிலும் புது மையும் கலந்து மணத்தன. என் சட்டையின் பின்நுனியைத் தங்கை வசந்தா இறுகப் பிடித்திருந்தாள். அதைப் பிடிக்காமல் அவள் தெருவில் இறங்கமாட்டாள் என்பதால்தான், அதே பள்ளியில் நான்காம் வகுப்பில் இருந்த என்னையும் அம்மா உள்ளே கூட்டிப்போனாள். வீட்டிலிருந்து அந்த அறைக்கு என் கால்களுக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள்.

வசந்தா பேசமாட்டாள். தலையில் தண்ணீர் பட்டால் தொண்டை கிழியக் கத்துவாள் என்பதால் அம்மா அவளைக் குளிப்பாட்டுவதில்லை. ஈரத்துணியால் துடைத்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். நாற்பதில் துடைப்பது நின்றுவிடும் என்று வசந்தாவுக்குத் தெரியும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாளும் நாற்பத்தொன்று வந்ததில்லை. எனக்கோ சோற்றைக் குழம்பு தொட்டால் ஆகாது, சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணி முடிக்காமல் ரயில்வே கேட்டைத் தாண்ட முடியாது. மற்ற அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள், என் அம்மா கூடவே நின்று எண்ணுவாள். நான் முப்பத்தெட்டு என்றால், “முப்பத்தொன்பது. கடைசில கார்டு பெட்டிய விட்டுட்டே” என்பாள். எங்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. மின்சார வண்டி ஊதினால் இடுப்புக் குடத்தை இறக்கிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். குழாயடியில் அவளுக்குத் “திமிரு புடிச்சவ” என்று பெயர். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்: “இன்னா மூர்த்தி அம்மா, பொண்ணு வாயத் தொறக்காது, புள்ள எதையாவது எண்ணிக்கினே கீது, நீ செவுத்தப் பாத்துப் பேசற. உன் வூட்டுக்காரருதான் பாவம், மூணு பேஜாருகிட்ட மாட்டிக்கினாரு!” குடங்கள் குலுங்கச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் சராசரி ஐந்து பேர்.

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா அந்தச் சிரிப்பைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு வருவார். மே மாதக் கடைசியில் ஒருநாள் முடிவாகச் சொன்னார்: “இந்த வருஷம் இஸ்கூல்ல சேத்துக்கிட்டா சரி. இல்லேன்னா பின்னாடி ரூம்புல போட்டுப் பூட்டு. எனக்கு வெளில தலை காட்ட முடியல.” அதன்பிறகு மூன்று வாரம் அம்மா மாவு ஆட்டும்போதும் துணி துவைக்கும்போதும் “அஞ்சு வயசு, அஞ்சு வயசு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றால், “ஒண்ணுமில்லடா, போ” என்பாள்.

அன்று தலைமையாசிரியை வசந்தாவிடம் பெயர் கேட்டார். மேசைமேல் இருந்த மணியைக் காட்டி இது என்ன என்றார். வசந்தா என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“என்ன வயசும்மா?”

அம்மா மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு, ஒப்பித்தாள். “அஞ்சு வயசு.”

“அஞ்சுதானே? சில பிள்ளைங்களுக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும். நாலு பிள்ளைங்களோட உக்காந்தா தானா வந்துடும்” என்று சொல்லிப் பேனாவைத் திறந்து பதிவேட்டில் குனிந்தார். “வ” என்ற எழுத்து விழுந்தது. நான் பார்த்தேன்.

தவறான எண் ஒன்று சொல்லப்பட்டால் எனக்கு உள்ளங்கால் முதல் அரிக்கும். இன்றும் அப்படித்தான்.

“இல்ல டீச்சர். ஆறு வருஷம், பத்து மாசம், அஞ்சு நாள்.”

பேனா நின்றது. “இவன் கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறவனாச்சே, இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் தலைமையாசிரியை. பிறகு அம்மாவைப் பார்த்தார். “ஏம்மா, ஏழு வயசாகப் போற பிள்ளைய அஞ்சுன்னு சொல்லி என் தலையில கட்டப் பாக்குறியா? பொய் சொல்றப்பவாவது மூஞ்சியப் பாத்துச் சொல்லக்கூடாதா?” என்று சொல்லி அந்த “வ”வைக் குறுக்கே அடித்தார்.

திரும்பி வரும்போது ஆயிரமாவது அடியில் அம்மா ரயில்வே கேட்டருகே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்து முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “அஞ்சு நாள் இல்லடா, ஆறு. அவ ராத்திரி பன்னெண்டு மணிக்கு முன்னாடியே பொறந்துட்டா.”

தவறான எண்ணைத் தாங்க முடியாத ஒருத்தி, மகளுக்காக ஒரு தவறான எண்ணை மூன்று வாரம் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பா பின்னறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டார். அம்மா தானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வேலைக்குப் போகையில் இருவரையும் சேர்த்துத் தாழிட்டுவிட்டுப் போன நாட்களில், நான் பள்ளியிலிருந்து வந்து நாலு இருபதுக்குத் திறப்பேன். கதவுக்குப் பின்னால் நாற்பதுவரை எண்ணும் குரல் கேட்கும். என்னைக் கண்டதும் அது நின்றுவிடும். அதன்பின் கேட்டில் சரக்கு வண்டி போனால் அம்மா எனக்காக நிற்பாள், எண்ணமாட்டாள். நான் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்துச் சொல்லிப் பார்த்தேன். “சரிதான்” என்றாள்.

இருபது வருஷம் கழித்து அம்மா இறந்தபிறகு, “உங்க தங்கச்சிய வெச்சுப் பாக்க என்னால ஆகாது” என்றாள் என் மனைவி. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓர் இல்லத்தில் வசந்தாவைச் சேர்த்தேன். படிவத்தில் வயதைச் சரியாக எழுதினேன்: இருபத்தேழு வருஷம், மூன்று மாசம். சாகும்வரை அங்கே ஒன்பது வருஷம் இருந்தாள். நான் போய்ப் பார்த்தது முப்பத்தொரு தடவை. தலையில் வாளித் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். நாற்பது வரை எண்ணவேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது அந்தப் பள்ளி இருந்த இடத்தில் நான்கு மாடித் துணிக்கடை. ரயில்வே கேட்டும் இல்லை. எங்களுக்கு இருந்ததற்கு இப்போது பெயர் வந்துவிட்டது. என் பேரனைப் பார்த்த டாக்டர் என்னையும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, “உங்களுக்கும் இருக்கு சார், உங்க அம்மாவுக்கும் இருந்திருக்கும்” என்றார். என் மகள் அவனைக் குளிப்பாட்டும்போது போனில் டைமர் வைக்கிறாள்.

போன மாதம் நாவலூரில் ஒரு பள்ளிக்கு அவனை நேர்காணலுக்குக் கூட்டிப்போனோம். வாசலில் மகள் சொன்னாள்: “அப்பா, நீங்க கார்லயே இருங்க. ப்ளீஸ், உள்ள வந்துடாதீங்க.” ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தேன். திரும்பி வந்தவளிடம், டாக்டர் சொன்னதைச் சொன்னாயா என்று கேட்டேன். “போலாம்ப்பா” என்று வண்டியை எடுத்தாள்.

அம்மா இறந்தது 1984 அக்டோபர் 3. கேட்டருகே சொன்ன அந்த “ஆறு”தான் அவள் எனக்குச் சொன்ன கடைசி எண். அதைச் சொன்ன நாளைச் சேர்க்காமல், இறந்த நாளைச் சேர்த்துக் கூட்டினால், அம்மா என்னோடு எண்ணாத நாட்கள் ஆக மொத்தம் ஏழாயிரத்து நானூற்றுப் பதினைந்து.