ஆறு தாண்டியவர்கள்

பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மாநிலத்தையே விற்கப் பார்த்தவரை எப்படி மறப்பேன்?

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், மாப்பிள்ளையின் அப்பா வழக்கப்படி எங்கள் சனத்தின் கதையைத் தெலுங்கில் பெருமையாகச் சொன்னார். தெலுங்குச் சீமையில் அரசனுக்குப் பயந்த முன்னோர்கள் ஆறு தாண்டி இந்தக் கரிசலுக்குப் பிழைக்க வந்த கதை.

பிறகு மாப்பிள்ளை, தான் வேலை பார்க்கும் டெக்ஸாஸை ஆரம்பித்தார். முதலில் வரலாறு: மெக்ஸிகோவிடம் இருந்தது, தனி நாடானது, அமெரிக்காவில் சேர்ந்தது. அடுத்தது பொருளாதாரம்: எண்ணெய், மாடு, பருத்தி. "அங்கயும் கரிசல் மண்ணுதான். ஆனா இங்க மாதிரி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டாங்க" என்றார். மானாவாரி விவசாயியான என் அப்பா சிரித்துவைத்தார்.

இன்ஜினியரான நானும் மனதுக்குள் பட்டியல் போட்டேன். படிப்பு, வேலை, வீடு எல்லாம் சரி. அம்மா கண்ணாலேயே சம்மதம் கேட்டாள்.

"மக்கள் எப்படி?" என்றேன்.

"நல்லவங்க. எல்லை ஆத்தைத் தாண்டி வர்ற மெக்ஸிகோக்காரங்கதான் தொல்லை. வந்தேறிக் கூட்டம்."

"நம்ம ஆளுக ஆத்தைத் தாண்டுறப்போ யாருகிட்ட விசா வாங்குனாவ?"

"ஏட்டி, சும்மா இரு!" என்றாள் அம்மா.

"அது வேற" என்றார் மாப்பிள்ளை. உடனே எண்ணெய்க் கிணறுகளுக்குத் திரும்பிவிட்டார்.

அவர்கள் போனதும் வேண்டாம் என்றேன். அம்மா அழுதாள். அப்பா, "விடு, அங்கன போயி அந்த ஆளுகூட இவ என்ன பேசுவா?" என்றார்.

அந்த 'வந்தேறி' என்ற வசவை இங்கே நாங்களும் வாங்கியிருக்கிறோம். கடல் கடந்து போனவர், அதை மட்டும் பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார்.